மாப்பிள்ளைக்கு ஊசி யார் போடுவது?

போதகர் நீளமான கம்பை எடுத்துப் படத்தில் இருந்த மஞ்சள் அம்பைத் தட்டினார்.

"இதோ, இந்த இடத்துல நாம எல்லாரும் மேல போயிடுவோம்! ஒரு நொடி. கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள!"

சபை முழுக்க "ஆமென்" என்றது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தையலக்கா மட்டும் ஆமென் சொல்லத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். அவளுக்குப் பூனை ஞாபகம் வந்துவிட்டது.

சுவரை மறைத்துத் தொங்கிய அந்தத் துணிப்படத்துக்கு ஓரம் மடித்துத் தைத்தவளே அவள்தான். இடது பக்கம் இன்றைய உலகம். நடுவில் மேல்நோக்கிய மஞ்சள் அம்பு. விசுவாசிகள் உயிரோடு எடுத்துக்கொள்ளப்படும் நாள். அதை அடுத்துச் சிவப்பும் கறுப்புமாக ஏழு வருஷ உபத்திரவ காலம். அம்பில் ஏறத் தவறியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். அதற்கும் அப்பால் நீல நிறத்தில் ஆயிரம் வருஷ அரசாட்சி. தைக்கும்போது அம்பு கோணிவிடக் கூடாதே என்கிற கவலைதான் அவளுக்கு இருந்தது. இப்போதுதான் கவனித்தாள். இத்தனை பெரிய படத்தில் ஒரு பூனை படுக்க இடமில்லை.

பூனைக்கு மாப்பிள்ளை என்று பெயர். வைத்ததைத் தின்னாது, கேட்டதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வீட்டில் நல்ல நாற்காலி எதுவோ அதில்தான் உட்காரும். வேறென்ன பெயர் வைப்பது? கணவர் காலமான பிறகு தையலக்கா வீட்டில் வாய்விட்டுப் பேசுவது அதனோடுதான். அதற்குச் சர்க்கரை வியாதி வேறு. காலையும் மாலையும் கழுத்துக்குப் பின்னால் தோலைத் தூக்கிப் பிடித்து இன்சுலின் ஊசி போட வேண்டும். போடும்போது அதனோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் கடித்துவிடும். ஊசி நின்றால் பூனை தாங்காது என்று மிருக டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்த போதகரிடம் போனாள்.

"பாஸ்டர், பூனைங்க மேல வருமா?"

போதகருக்குத் தேன் குரல். "ஏன் சிஸ்டர், அங்க எலித் தொல்லைன்னு யாராவது சொன்னாங்களா?" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

"இல்ல பாஸ்டர். ஊசி போடணும்."

"பூமிக்குரியதுல மனசை வைக்காதீங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைக் குலுக்கப் போய்விட்டார்.

தையலக்கா திரைச்சீலை தைப்பவள். ஜன்னலை அளக்காமல் துணியில் கத்தரி வைத்தவள் இல்லை. துவைத்தால் சுருங்குமே என்று ஓரத்தில் மிச்சம் விட்டுத் தைப்பவள். அப்படிப்பட்டவள் பூனையை மட்டும் விதி விட்ட வழி என்று விட்டுவிட்டுப் போவாளா? பஸ்ஸில் வீடு திரும்புவதற்குள் முடிவு கட்டிவிட்டாள். ஒரே ஒரு ஆள் வேண்டும். பூனை மேல் பிரியம் உள்ள, சொல்லிக் கொடுத்தால் ஊசி போடக் கற்றுக்கொள்கிற, எப்படிப் பார்த்தாலும் மேலே போக வாய்ப்பே இல்லாத ஆள்.

அப்படி ஒரு ஆள் அவள் வீட்டு மாடியிலேயே இருந்தான். அவளுடைய தம்பி.

தம்பிக்குப் பழைய டயர் வியாபாரம். கடையைத் திறந்ததும் சீட்டு, மூடியதும் பாட்டில். கல்யாணத்துக்கு அப்புறம் அவன் ஜெபக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றும் பிரசங்கத்தின் பாதியில் சிகரெட் பிடிக்க எழுந்து போனவன். ஆனால் மாப்பிள்ளை என்றால் அவனுக்கு உயிர். தையலக்கா டீ போட்டு எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். தம்பி தனக்குத் தானே சீட்டுப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தான்.

"தம்பி, திடீர்னு ஒரு நாள் நான் இல்லாமப் போயிட்டா மாப்பிள்ளைக்கு நீதான்டா ஊசி போடணும்."

தம்பி பதறிப்போனான். "ஏன்க்கா? டாக்டர் ஏதாவது சொன்னாரா? எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லடா. நான் உயிரோடயே போயிடுவேன். ஆண்டவர் வருகையில."

"ஓ, அதுவா!" தம்பிக்குப் போன உயிர் திரும்பியது. டீயை ஒரு மடக்கு குடித்தான். "அதுக்கு எதுக்கு என்னைக் கேக்குற? உன் சபையில எவ்வளவு பேரு இருக்காங்க."

"அவங்கெல்லாம் என்கூடவே வந்துடுவாங்களேடா. இங்கயே நிச்சயமா இருக்கப்போற ஆளா வேணும். நானும் உட்காந்து யோசிச்சேன். உன்னை விட்டா வேற யாருமே ஞாபகத்துக்கு வரல."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"நிச்சயமாவா?"

"சத்தியமாடா" என்றாள் தையலக்கா பாசத்தோடு. "நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் நான் நிம்மதியாப் போவேன்."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. ஊசியை எப்படிப் பிடிப்பது என்று அவள் விளக்கிக்கொண்டே போனாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முன் வரிசையில் ஒரு பழகின பின்னந்தலை தெரிந்தது. தம்பி! குளித்து, சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு உட்கார்ந்திருந்தான். போதகர் அழைத்ததும் முதல் ஆளாக மேடைக்குப் போய்த் தேம்பித் தேம்பி அழுதான். சீட்டுக்கட்டைக் கிழித்தாயிற்று, பாட்டிலை உடைத்தாயிற்று என்று சாட்சி சொன்னான். "என் அக்கா என்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. அது என் நெஞ்சுல தைச்சிருச்சு" என்றான். சபை தையலக்காவைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. சீக்கிரமே ஞானஸ்நானமும் ஆயிற்று.

தையலக்கா பல்லைக் காட்டிச் சிரித்தாள். கூடப் பிறந்தவன் கடைத்தேறினானே என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். சந்தோஷமும் பட்டாள், பொய்யில்லை. ஆனால் ஊசி?

மறுநாள் மாடிக்குப் போய், "ஏன்டா, எப்பவாவது ஒரு ஆட்டம் சீட்டு ஆடினா ஒண்ணும் தப்பில்லையே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா, என்னைச் சோதிச்சுப் பாக்குறியா? நான் விழமாட்டேன்க்கா!" என்று அவன் கண்ணீரோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அத்தோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது.

அடுத்து அவளுக்குத் தோன்றியவர் திரைச்சீலைக் கடையில் கூட வேலை பார்க்கும் கட்டிங் மாஸ்டர். அவர் மணிக்கூண்டு வைத்த பழைய கிறிஸ்தவக் கோயிலைச் சேர்ந்தவர். அந்தக் கோயிலில் மேலே போகும் அம்பைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தாள். நீண்ட மேஜையில் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

"மாஸ்டர், வருகையப்ப நீங்க இங்கதானே இருப்பீங்க?"

மாஸ்டர் சாக்குக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டார். வெகு நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல ஆரம்பித்தார்.

"அக்கா, ரகசியமா வந்து தூக்கிட்டுப் போறதெல்லாம் கிடையவே கிடையாது. ஒரே வருகை. எல்லாருக்கும் ஒரே நாள். அந்த ஏழு வருஷம், ஆயிரம் வருஷமெல்லாம் அடையாளமாச் சொன்னது. அப்புறம், எடுத்துக்கிட்டுப் போறது நல்லவங்களைன்னு யாரு சொன்னா? வெள்ளம் வந்தப்ப யாரை அடிச்சிக்கிட்டுப் போச்சு?"

"கெட்டவங்களை."

"மிச்சம் இருந்தது?"

"பேழையில இருந்த நல்லவங்க."

"ஆங்! அப்ப மிச்சம் இருக்கிறதுதான் ஆசீர்வாதம். இந்தப் பூமியே புதுசாகும். நான் இங்கயேதான் இருப்பேன்" என்று மாஸ்டர் மேஜையைத் தட்டினார்.

"பேழையில பூனையும் இருந்திருக்கும்ல மாஸ்டர்?"

"ஜோடியா!"

தையலக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அப்ப உங்க கணக்குப்படியும் நீங்க இங்க, எங்க கணக்குப்படியும் நீங்க இங்க! நல்லதாப் போச்சு மாஸ்டர். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, ஊசி போடச் சொல்லித் தரேன்."

மாஸ்டர் கத்தரியை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"உங்க கணக்குப்படி நான் எதுக்கு இங்க?"

"அது வந்து... எங்க கணக்குல இரட்சிக்கப்படாதவங்க..."

"சின்ன வயசுலேர்ந்து பாடகர் குழுவுல நிக்கிறேன்க்கா நான். என்னைப் பாத்தா வெட்டிப் போட்ட துண்டுத்துணி மாதிரியா தெரியுது?"

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். பூனைக்காகத்தான் கேட்டேன்."

"அந்தப் பூனைய நான் வாங்கிக்கிட்டா உங்க உபதேசத்தை ஒத்துக்கிட்டதா ஆயிடும். நடக்காது. இது கொள்கை விஷயம்."

கோபத்தில் அவர் போட்ட வெட்டு கோட்டை விட்டு விலகிப் போய், ஒரு வரவேற்பறைத் திரைச்சீலை முழங்கால் வரைக்கும் குட்டையாகிவிட்டது. யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கப்போகிறது. சத்தம் கேட்டு முதலாளி உள்ளே வந்தார். மாஸ்டர் துணியைக் காட்டாமல் தையலக்காவைக் காட்டினார். வேறு வழியில்லாமல் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

முதலாளி திட்டவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "என்கூட வாம்மா" என்று கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெல்வெட் சுருள்களை நகர்த்தினார். பின்னால் கூரை வரைக்கும் தகர டப்பாக்கள், தண்ணீர் கேன்கள், மெழுகுவர்த்திக் கட்டுகள், போர்வைகள்.

"உன் பாஸ்டர் சொல்றதும் தப்பு, மாஸ்டர் சொல்றதும் தப்பு. உபத்திரவத்துக்கு முன்னாடி யாரும் மேல போகப்போறதில்ல. ஏழு வருஷமும் இங்கயே கெடந்து பாடுபட்டு, முடிவுலதான் போவோம். அதுக்குத்தான் இதெல்லாம் சேத்து வைக்கிறேன். வெளிய மூச்சு விடாத."

தையலக்காவின் முகம் மலர்ந்தது. "அப்ப ஏழு வருஷமும் நீங்க இங்க இருப்பீங்க?"

"கண்டிப்பா!"

"மாப்பிள்ளையைப் பாத்துக்குவீங்களா?"

"ஒரு பூனைதானேம்மா? தாராளமா. எலியும் அண்டாது." அதோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! முதலாளி நிறுத்தவில்லை. "ஆனா நீ எதுக்கு அதை என்கிட்ட குடுக்கணும்? நீயும்தான் இங்க இருப்பியே. அப்ப ஆளப்போற அந்திக்கிறிஸ்துவோட முத்திரையைக் குத்திக்காதவங்களுக்கு எந்தக் கடையிலயும் எதுவும் குடுக்கமாட்டான். ஒரு குண்டூசி வாங்க முடியாது."

"இன்சுலின்?"

முதலாளி தாடையைத் தடவினார். "அதை ஃபிரிட்ஜ்லல்ல வைக்கணும்? கரண்ட் ஏது அப்ப?"

தையலக்கா அங்கேயே வெல்வெட் சுருள் மேல் உட்கார்ந்துவிட்டாள். இதுவரைக்கும் தான் மேலே போய்விடுவோமே என்று கவலை. இப்போது போகாமல் பக்கத்திலேயே இருந்து, மருந்தில்லாமல் அது சாவதைப் பார்க்க வேண்டிவருமோ என்று கவலை.

"அதுக்குள்ள அது தானாப் போயிருக்கும்மா" என்று முதலாளி ஆறுதல் சொன்னார். அவள் அழ ஆரம்பித்ததும் அவசரமாகக் கைக்குட்டையை நீட்டினார். "வெல்வெட்ல தண்ணி படாம பாத்துக்கம்மா. கறை போகாது."

ஒரு பகல் பொழுதில் அவள் கைகழுவிவிட்டுத் திரும்பியபோது வெட்டும் அறை காலியாக இருந்தது. பாதி வெட்டிய துணியில் கத்தரி வாய் பிளந்து கிடந்தது. பக்கத்தில் மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி. டம்ளரில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. முதலாளியின் நாற்காலி காலி. அதற்குக் கீழே அவருடைய செருப்புகள், ஜோடியாக. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆண்டவர் வந்துவிட்டார்! மாஸ்டரை எடுத்துக்கொண்டார், முதலாளியை எடுத்துக்கொண்டார். தூக்கிப் போவதே கிடையாது, ஏழு வருஷம் முடியாமல் கிடையாது என்று வாதாடின இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டு, பஸ் காசு செலவழித்துச் சபைக்குப் போய் அம்புக்கு ஓரம் தைத்த தன்னை விட்டுவிட்டார். அதற்கு அடுத்த மூச்சில் அவள் வாய் தானாகச் சொல்லிற்று:

"அப்பாடா! சாயங்காலம் ஊசி போட்டுடலாம்."

சொன்ன மறு நொடி பின்வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. மழைச்சேற்றில் செருப்பு பாழாகக் கூடாதென்று வெறுங்காலோடு போன முதலாளியும், வண்டியிலிருந்து திரைக்கம்பிகளை இறக்கித் தோளில் வைத்த மாஸ்டரும் உள்ளே வந்தார்கள். "ஏன்க்கா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் மாஸ்டர். அந்த அப்பாடாவை நினைத்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. கைவிடப்பட்டோம் என்று தெரிந்ததும் கதறாமல் நிம்மதிப் பெருமூச்சு விட்டவளை அம்பு எப்படி ஏற்றிக்கொள்ளும்? சீக்கிரம் பூனைக்கு ஒரு வழி செய்தால்தான் தன் ஆத்துமாவுக்கு வழி என்று அவளுக்குப் பட்டது.

இன்சுலின் வாங்க மிருக டாக்டரிடம் போன அன்றுதான் அவளுக்குப் பளிச்சென்றது. இத்தனை நாள் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள்! டாக்டர் கடவுளே இல்லை என்பவர். ஊசி போடுவதோ அவர் தொழில். தையலக்கா ஒன்றையும் மறைக்காமல் கேட்டாள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"முன்னாடி வந்தாலும் சரி, நடுவுல வந்தாலும் சரி, கடைசியில வந்தாலும் சரி, எந்தக் கட்சி ஜெயிச்சாலும் நான் இங்கதாம்மா இருப்பேன். கவலையை விடுங்க. மாப்பிள்ளைக்கு நான் பொறுப்பு."

அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள். டாக்டரின் அறைக்குத் தன் செலவில் திரைச்சீலை தைத்துக் கொண்டுபோய் மாட்டினாள். மாட்டும்போது அவர் மேஜையில் யாரோ வைத்துவிட்டுப் போன சுவிசேஷக் கைப்பிரதி ஒன்று கண்ணில் பட, யாருக்கும் தெரியாமல் மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பெண்கள் ஜெபக் கூட்டத்தில் போதகர், "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அவிசுவாசியோட பேரைச் சொல்லி ஊக்கமா ஜெபியுங்க" என்றார். ஆளாளுக்கு மாமனாரையும் எதிர்வீட்டுக்காரரையும் சொல்லிக் கதறினார்கள். தையலக்காவின் முறை வந்தது. டாக்டரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. "எனக்கு அப்படி யாரையும் தெரியாது பாஸ்டர்" என்று குனிந்துகொண்டாள். நாக்கு கசந்தது.

இந்த நிலைமையில்தான் அவளுக்கு வெளியில் ஒரு பெரிய வீட்டில் ஜன்னல் அளக்கும் வேலை வந்தது. மாப்பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை நாளும் அதே நாள். "நான் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றான் தம்பி. நல்ல பிள்ளையாயிற்றே என்று அனுப்பிவைத்தாள்.

திரும்பி வந்தவன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "அக்கா! டாக்டர்கிட்ட பேசினேன்க்கா. என் சாட்சியைச் சொன்னேன். மனுஷன் கண் கலங்கிட்டாரு! கடைசிக்காலப் புத்தகம் ஒண்ணு குடுத்துட்டு வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்காரு!"

தையலக்கா செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. ஓடினாள். டாக்டர் அவள் தைத்த திரைச்சீலையை விலக்கி, வெளிச்சத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. உங்க தம்பி மாதிரி ஒரு ஆளே மாறியிருக்காருன்னா இதுல ஏதோ இருக்கணும்னு தோணுது."

"படிக்காதீங்க டாக்டர்!" தையலக்கா புத்தகத்தைப் பிடுங்கினாள். "சின்ன எழுத்து. கண்ணு கெட்டுடும்."

"நல்லாத்தானே தெரியுது?"

"அதெல்லாம் அடையாளமாச் சொன்னது டாக்டர்! எங்க கட்டிங் மாஸ்டர் தெளிவாச் சொல்லிட்டாரு. அப்படி எதுவும் நடக்காது. நடந்தாலும் ஏழு வருஷம் டைம் இருக்கு, எங்க முதலாளியைக் கேளுங்க. அவசரப்பட்டு எதையும் நம்பிடாதீங்க. நீங்க இப்ப இருக்குற மாதிரியே இருங்க. நல்லா இருக்கீங்க!"

"அக்கா..."

திரும்பினாள். பூனையை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு, அதன் கூடையை மறந்து வைத்துவிட்டுப் போன தம்பி அதை எடுக்க வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையும் களவுமாக அகப்பட்டாயிற்று. தம்பி கூடையைக்கூட எடுக்காமல் நேரே போதகர் வீட்டுக்குப் போனான்.

போதகர் கூப்பிட்டனுப்பினார். தையலக்கா மாப்பிள்ளையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். ஊசி நேரத்துக்குள் திரும்ப முடியாமல் போனால் என்ன செய்வது? வாசலில் அழைப்புமணியை அழுத்தப் போனவள் தயங்கினாள். "ஒரு காலரை ஒழுங்காத் தேய்க்கத் துப்பில்ல! எத்தனை தடவை சொல்றது உனக்கு, எருமைக்குச் சொன்னாலும் புரியும்!" என்று உள்ளே ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று கதவு எண்ணைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மணியை அழுத்தினாள். சத்தம் நின்று, கதவு திறந்தது.

"வாங்க சிஸ்டர்" என்றார் போதகர், தேன் குரலில்.

அறையின் ஓரத்தில் பாஸ்டரம்மா இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தாள். சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுப் போகிற அம்மா. அந்த அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று சபையில் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் வெள்ளைச் சட்டைகள் மலைபோல் கிடந்தன.

"உக்காருங்க சிஸ்டர். தம்பி எல்லாம் சொன்னாரு. ஒரு ஆத்துமாவை விட ஒரு பூனை உங்களுக்குப் பெரிசாப் போச்சா?"

தையலக்கா உடைந்துவிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள். தம்பியைச் சீட்டாடச் சொன்னது, ஜெபத்தில் பொய் சொன்னது, கைப்பிரதியைத் திருடினது, யாருமில்லாத அறையில் அப்பாடா என்றது, ஒன்று விடவில்லை.

"தப்புதான் பாஸ்டர். டாக்டர் வரட்டும். எல்லாரும் வரட்டும். எல்லாரும் சேந்து மேல போவோம். ஆனா ஆளில்லாத வீட்டுல இது பசியோட கத்திக்கிட்டுக் கெடக்கும்ல? நான் அங்க போய் எந்த முகத்தோட பாடுவேன்? சபையில ஒருத்தர் விடாம யோசிச்சுப் பாத்துட்டேன். எல்லாரும் மேல போறவங்களா இருக்காங்க. நான் யாருகிட்டதான் இதை விட்டுட்டுப் போவேன்?"

போதகர் தொண்டையைச் செருமினார். வேத அறிவெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது அவர் முகத்தில் தெரிந்தது. கூடைக்குள்ளிருந்து மாப்பிள்ளை ஒரு தடவை கத்தியது.

பாஸ்டரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அருகில் வந்து, கூடைக்குள் கைவிட்டு மாப்பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு, சபையில் யாரும் கேட்டிராத அந்தக் குரலில், ரொம்ப மெதுவாகச் சொன்னாள்:

"பூனைய இங்க விட்டுட்டுப் போங்கக்கா. ஊசி போடுறதை மட்டும் இவருக்குச் சொல்லிக் குடுத்துடுங்க. அன்னைக்கு நீங்க, நான், டாக்டர் எல்லாரும் போயிட்டாலும், இவரு இங்கதான் இருப்பாரு."